அதிபர் வேஷம் கட்டியவர்கள்

ஜெரால்ட் ஃபோர்டு என்று ஒரு அமெரிக்க அதிபர் இருந்தார். 1974 ஆகஸ்டில் நிக்சன் ராஜினாமா பண்ணிவிட்டுக் கிளம்பியதும் அந்த நாற்காலிக்கு வந்தவர். துணை அதிபர், அதிபர் என்று இரண்டு பதவியிலும் உட்கார்ந்தவர், ஆனால் இரண்டுக்குமே தேர்தலில் ஜெயித்தவர் இல்லை. அப்படி ஒரே ஆள் அவர்தான்.

காலேஜ் நாட்களில் மனுஷன் பெரிய விளையாட்டு வீரர். மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் டீமில் ஆடினார் (நம்ம ஃபுட்பால் இல்லைங்க, அவங்க கையில தூக்கிட்டு ஓடுற ஃபுட்பால்). 1932, 1933 இரண்டு வருஷமும் அந்த டீம் தேசிய சாம்பியன். படிப்பு முடிந்ததும் தொழில்முறை டீம்களே கூப்பிட்டன. வேண்டாம் என்று சொல்லிவிட்டு யேல் பக்கம் போய்ச் சட்டம் படித்தார். அறுபது வயசுக்கு மேலும் பனிச்சறுக்கு போய்க்கொண்டிருந்தவர். அமெரிக்க அதிபர்களில் உடம்பு சொன்னபடி கேட்டவர்கள் என்று ஒரு லிஸ்ட் போட்டால், முதல் வரிசையில் வருவார்.

ஆனால் அவர் பேரைச் சொன்னதும் நிறைய அமெரிக்கர்களுக்கு ஞாபகம் வருவது என்ன தெரியுமா? தடுக்கித் தடுக்கி விழுகிற ஆள்!

இது எப்படி நடந்தது என்று தேடிப் போனால், ஒரு டிவி காமெடி நிகழ்ச்சியின் ஐம்பது வருஷக் கதைக்குள் போய் விழவேண்டியிருக்கிறது. நான் விழுந்தேன். நீங்களும் வாங்க :-)

அதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை

அரசியல்வாதி மாதிரிப் பேசிக் காட்டுவது ஒன்றும் புதுசு இல்லை. 1962 நவம்பரில் வாஹன் மீடர் என்ற காமெடியன், அதிபர் கென்னடி மாதிரியே பேசி 'தி ஃபர்ஸ்ட் ஃபேமிலி' என்று ஒரு இசைத்தட்டு போட்டார். சினிமாப் பாட்டு கூட இவ்வளவு விற்காது. மொத்தம் எழுபது லட்சம் தட்டுக்கு மேல் விற்றது. 1963ல் வருஷத்தின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. இதைப் பற்றிக் கென்னடியிடமே பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். அது என்னை மாதிரி இல்லை, என் தம்பி டெட்டி மாதிரி இருக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

1963 நவம்பர் 22. கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இசைத்தட்டு கடைகளிலிருந்து காணாமல் போனது. மீடரின் வாழ்க்கையும்தான். அந்தக் குரலை மறுபடி கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. 2004ல் இறக்கும்வரை அவருக்கு அந்த உயரம் திரும்பக் கிடைக்கவே இல்லை. இரவல் குரலில் கட்டின வீடு, குரலுக்குச் சொந்தக்காரர் போனதும் சரிந்துவிட்டது.

இதுவரைக்கும் மிமிக்ரி என்றால் குரல்தான். அதை மாற்றிப் போட்டது 'சாட்டர்டே நைட் லைவ்'.

விக் இல்லை, மேக்கப் இல்லை, குரலும் இல்லை

1975 அக்டோபர் 11 ராத்திரி என்பிசி டிவியில் இந்த நிகழ்ச்சி ஆரம்பித்தது. தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் என்ற கனடாக்காரர். நியூயார்க்கிலிருந்து நேரடி ஒளிபரப்பு. நேரடி என்பது முக்கியம். அந்த வாரம் நாட்டில் என்ன நடந்ததோ, அதை அந்த சனிக்கிழமையே நக்கல் அடிக்கலாம்.

அதே வருஷம் ஜூன் 1ஆம் தேதி ஃபோர்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்தில் போய் இறங்கினார். மழை. ஒரு கையில் குடை, இன்னொரு பக்கம் மனைவி பெட்டி. விமானப் படிக்கட்டு ஈரமாக இருந்தது. கடைசிப் படிகளில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். உடனே எழுந்து கையும் குலுக்கிவிட்டார். ஆனால் கேமராக்கள் சும்மா இருக்குமா?

செவி சேஸ் என்ற நடிகர் இதை எடுத்துக்கொண்டார். 1975 நவம்பரில் முதல் முறையாக ஃபோர்டாக வந்தார். தலையில் விக் கிடையாது. முகத்தில் மேக்கப் கிடையாது. ஃபோர்டு மாதிரிப் பேசக்கூட முயற்சி பண்ணவில்லை. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து, இவர்தான் அதிபர் என்று சொல்லிவிட்டு, மேஜை, நாற்காலி, மேடை என்று எது கிடைத்தாலும் அதன்மேல் விழுந்தார். அவ்வளவுதான்! ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது மிமிக்ரியே இல்லை. ஊர்ப்பக்கம் பட்டப்பெயர் வைப்பார்களே, அந்த மாதிரி. ஒருத்தன் ஒரு நாள் வரப்பில் வழுக்கி விழுந்திருப்பான். அடுத்த முப்பது வருஷம் அவன் பேரே அதுதான். அவன் எத்தனை ஏக்கர் உழுதான் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். இங்கே அந்தப் பட்டப்பெயரை வைத்தது ஊர் இல்லை, நாடு முழுக்கப் போகிற ஒரு டிவி.

வெள்ளை மாளிகை என்ன பண்ணியது? சண்டை போடவில்லை, சேர்ந்துகொண்டது. 1976 மார்ச்சில் வாஷிங்டன் நிருபர்கள் விருந்து ஒன்றில் சேஸும் ஃபோர்டும் ஒரே மேடையில். ஃபோர்டு எழுந்தபோது வேண்டுமென்றே மேஜை விரிப்பை இழுத்துவிட்டு, பேச்சுத் தாள்களையும் சிதறவிட்டார். அடுத்த மாதம், ஏப்ரல் 17 அன்று, ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளர் ரான் நெஸ்ஸனே நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். ஃபோர்டு தன் பங்குக்குச் சில வரிகளைப் பதிவு செய்து அனுப்பினார். கூடவே சிரித்துவிட்டால் கேலி பலம் இழந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் என்ன ஆச்சு? அதிபரே ஒத்துக்கொண்டார், அப்போ உண்மைதான் போல என்று ஆகிவிட்டது.

1976 நவம்பரில் ஜிம்மி கார்டரிடம் ஃபோர்டு தோற்றார். வித்தியாசம் சுமார் 2 சதவீதம். செவி சேஸால்தான் தோற்றார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. நிக்சனுக்கு மன்னிப்பு கொடுத்தது, விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம், அக்டோபர் விவாதத்தில் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே கிடையாது என்று உளறியது என்று பெரிய காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஃபோர்டு ஜெயிக்கக்கூடாது, கார்டர் வரவேண்டும் என்றுதான் அப்போது விரும்பினேன் என்று சேஸ் பிற்பாடு பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வெறும் ஜோக் இல்லை அது.

பாதி ஜான் வெய்ன்

கார்டர் காலத்தில் டான் அய்க்ராய்டு வந்தார். மீசையோடு! கார்டருக்கு மீசையே கிடையாது, ஆனால் அய்க்ராய்டு எடுக்கவில்லை. 1977 மார்ச்சில் கார்டர் நிஜமாகவே ரேடியோவில் மக்களிடம் ஃபோனில் பேசினார். அடுத்த வாரமே இவர்கள் அதை நடித்தார்கள். எந்தக் கேள்விக்கும் விலாவாரியாகப் பதில் தெரிந்த அதிபர், கடைசியில் போதை மருந்து சாப்பிட்டுவிட்டுப் பயந்துபோய் ஃபோன் பண்ணும் பையனையும் பதமாகப் பேசி ஆறுதல் படுத்துவார். கேலிதான். ஆனால் பார்த்து முடித்ததும் கார்டர் மேல் கொஞ்சம் மரியாதைதான் வரும்.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது டானா கார்வியும் அப்பா புஷ்ஷும். 1988 தேர்தல் சமயத்திலிருந்து ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ்ஷாக நடித்தவர் கார்வி. இவர் தன் ஃபார்முலாவை வெளிப்படையாகவே சொன்னார். மிஸ்டர் ராஜர்ஸ் (குழந்தைகள் நிகழ்ச்சியில் பூப்போலப் பேசுகிற மாமா) குரலில் ஆரம்பி, அதில் கொஞ்சம் ஜான் வெய்னைக் கல, அவ்வளவுதான் புஷ் ரெடி. நிஜத்தில் புஷ் சொல்கிற 'அது விவேகமா இருக்காது' மாதிரியான வாக்கியங்களை எடுத்து, வாராவாரம் மென்று மென்று, கடைசியில் அது வார்த்தையே இல்லாத வெறும் சத்தமாகிவிட்டது. ஜனங்கள் அந்தச் சத்தத்துக்கே சிரித்தார்கள்.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால் இது இழப்போடு கூடிய கம்ப்ரஷன். ஜேபெக் படம் மாதிரி. ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும் கொஞ்சம் விவரம் போய்விடும். பத்து தடவை பண்ணினால் மூஞ்சி கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆனாலும் யாரென்று அடையாளம் தெரியும் பாருங்க, அதுதான் கலை!

1992 நவம்பரில் புஷ் கிளிண்டனிடம் தோற்றார். வெள்ளை மாளிகையே இழவு வீடு மாதிரி இருந்த நேரம். டிசம்பரில் புஷ் கார்வியைக் கூப்பிட்டார். என் ஆட்கள் எல்லாம் சோர்ந்து கிடக்கிறார்கள், வந்து கொஞ்சம் சிரிக்க வை என்று. ஊழியர்கள் எல்லாரும் கூடியிருக்க, அதிபர் வரும்போது வாசிக்கும் பேண்டு வாத்தியம் முழங்க, உள்ளே வந்தது கார்வி! புஷ் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் இருவரும் கடைசிவரை நண்பர்கள். 2018 நவம்பர் 30ல் புஷ் இறந்தபோது, அந்த வார நிகழ்ச்சியில் இவர்கள் இருவரையும் வைத்துத்தான் அஞ்சலி போட்டார்கள்.

தன்னை வைத்து நாலு வருஷம் சிரித்தவனை, தோற்றுப்போன மாசத்தில் வீட்டுக்குக் கூப்பிட ஒரு மனசு வேண்டும். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி.

537 ஓட்டும் ஒரு பெருமூச்சும்

2000ஆம் வருஷம். மகன் புஷ்ஷும் அல் கோரும். அக்டோபர் 3 அன்று முதல் விவாதம். புஷ் பேசும்போதெல்லாம் கோர் மைக்கில் கேட்கும்படி சத்தமாகப் பெருமூச்சு விட்டார். 'லாக்பாக்ஸ்' என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார் (மக்களின் ஓய்வூதியப் பணத்தைப் பூட்டி வைப்பேன் என்ற அர்த்தத்தில்). நாலே நாளில், அக்டோபர் 7 சனிக்கிழமை, டாரல் ஹாமண்ட் கோராகவும் வில் ஃபெரல் புஷ்ஷாகவும் வந்தார்கள். ஜிம் டவ்னி எழுதினது. ஹாமண்ட் வாத்தியார் மாதிரி இழுத்து இழுத்து 'லாக்...பாக்ஸ்' என்பார். உங்கள் பிரச்சாரத்தை ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டால் ஃபெரல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'ஸ்ட்ராடீஜெரி' என்பார். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது!

இதில் விசேஷம் என்னவென்றால், கோரின் ஆலோசகர்கள் அந்த வீடியோவை அவருக்கே போட்டுக் காட்டினார்கள். ஜனங்கள் உங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பாருங்க சார் என்று. அக்டோபர் 11 அன்று இரண்டாவது விவாதத்துக்கு வந்த கோர் வேற ஆள். பயங்கரப் பணிவு. எதிராளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டல். முதல் விவாதத்தில் மேதாவித்தனம், இரண்டாவதில் ஆளையே காணோம் என்று விமர்சனம் வந்தது. கண்ணாடியில் பார்த்து முகத்தைத் திருத்தலாம், கோணல் கண்ணாடியைப் பார்த்துத் திருத்தினால்? கடைசியில் ஃப்ளோரிடாவில் 537 ஓட்டில் எல்லாம் முடிந்தது. பெருமூச்சு எத்தனை ஓட்டு, நகல் பெருமூச்சு எத்தனை ஓட்டு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 537 என்கிற அளவில் எல்லாமே காரணம்தான்.

புஷ் பக்கம் வேற கதை. அவர்கள் அந்த இல்லாத வார்த்தையைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். வெள்ளை மாளிகையில் திட்டமிடும் கூட்டங்களுக்கே ஊழியர்கள் விளையாட்டாக அந்தப் பேர் வைத்தார்கள். 2017ல் ஜிம்மி கிம்மல் நிகழ்ச்சியில் புஷ்ஷே ஒரு விஷயம் சொன்னார். லோர்ன் மைக்கேல்ஸோடு சாப்பிடும்போது ஸ்ட்ராடீஜெரி பற்றிப் பேச்சு வந்ததாம். அது எங்க ஆள் எழுதினது என்று அவர் சொல்ல, இல்லை, நான்தான் சொன்னேன் என்று புஷ் நினைத்துக்கொண்டிருந்தாராம்! தான் உளறினது எது, தன் நகல் உளறினது எது என்று சம்பந்தப்பட்டவருக்கே குழப்பம். சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் திகிலாகவும் இருக்கிறது.

ரஷ்யா தெரியுது, யார் வீட்டிலிருந்து?

திகிலின் உச்சம் 2008. ஆகஸ்ட் 29 அன்று மெக்கெய்ன், அலாஸ்கா கவர்னர் சாரா பேலினைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். அமெரிக்காவில் பாதிப் பேருக்கு இவர் யாரென்றே தெரியாது. சுமார் இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 13 அன்று, டினா ஃபே பேலினாகவும் ஏமி போலர் ஹிலரியாகவும் வந்து நின்றார்கள். ஃபே 2006லேயே நிகழ்ச்சியை விட்டுப் போனவர். ஆனால் ஜாடை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருந்ததால் திரும்பக் கூப்பிட்டார்கள்.

என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியும் என்று அதில் ஒரு வரி. இன்றைக்கும் நிறையப் பேர் இதை பேலின் சொன்னதாகத்தான் நினைக்கிறார்கள். அவர் சொன்னது வேற. இரண்டு நாள் முன்னாடி ஒரு டிவி பேட்டியில், அலாஸ்காவில் உள்ள ஒரு தீவிலிருந்து ரஷ்ய நிலத்தைப் பார்க்கலாம் என்றார். பூகோளப்படி அது உண்மை. பெரிங் நீரிணையில் அமெரிக்காவின் சின்ன டயமீட் தீவுக்கும் ரஷ்யாவின் பெரிய டயமீட் தீவுக்கும் இடையில் நாலு கிலோமீட்டர்கூடக் கிடையாது. வெளியுறவு அனுபவத்துக்கு அது ஒரு பதிலா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் 'தீவு' போய் 'வீடு' வந்ததும், சுமாரான பதில் முட்டாள்தனமான பதிலாக ஆகிவிட்டது பாருங்க.

இதோடு அடுத்ததையும் சொல்லியாகவேண்டும். செப்டம்பர் 27 ஸ்கெட்சில், கேட்டி கூரிக்குக்கு பேலின் கொடுத்த நிஜப் பேட்டியிலிருந்து ஒரு பதிலைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துப் பேசினார் ஃபே. மிகைப்படுத்தத் தேவையே இல்லை. நிஜ வார்த்தைக்கே சிரிப்பு வந்தது. ஆக ஒரே மாசத்தில், ஒரே நடிகை, ஒன்றில் அநியாயம், ஒன்றில் துல்லியம்.

அக்டோபர் 18 அன்று பேலினே நிகழ்ச்சிக்கு வந்தார். பதினாலு வருஷத்தில் இல்லாத கூட்டம் டிவி முன்னால். நடிகர் அலெக் பால்ட்வின், பேலினை டினா ஃபே என்று நினைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே பேலினைத் திட்டுவதாக ஒரு காட்சி (இந்த பால்ட்வினை ஞாபகம் வெச்சுக்குங்க). 2012ல் வந்த ஒரு ஆய்வு, கல்லூரி மாணவர்களிடையே ஃபேயின் நடிப்பைப் பார்த்தவர்களுக்கு பேலின் மேல் மதிப்பு குறைந்தது என்றும், அதுவும் குடியரசுக் கட்சிக்காரர்கள், எந்தக் கட்சியும் சாராதவர்கள் இவர்களிடம்தான் அதிகம் என்றும் சொன்னது. இதற்கு 'ஃபே எஃபெக்ட்' என்று பேரே வந்துவிட்டது. அதே சமயம், முதல் ஸ்கெட்ச் வந்தது செப்டம்பர் 13 சனிக்கிழமை, லேமன் பிரதர்ஸ் திவாலானது 15 திங்கட்கிழமை. மெக்கெய்னைச் சாய்த்தது எது என்று கணக்குப் போடும்போது அந்தத் திங்கட்கிழமையை விட்டுவிடக்கூடாது.

ஜிப் பண்ண ஃபைலை மறுபடி ஜிப் பண்ணினால்

ட்ரம்ப் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015 நவம்பர் 7 அன்று, வேட்பாளராக இருக்கும்போதே, நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கக் கூப்பிட்டார்கள். ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் போட்டியாளர் கேட்கும்போது அவருக்கும் சமமாகக் கொடுக்கவேண்டும் என்று அங்கே 1934லிருந்தே சட்டம். அதன்படி போட்டியாளர்கள் சிலருக்கு என்பிசி நேரம் ஒதுக்கவேண்டியதாயிற்று. 2016 அக்டோபர் 1 முதல் நம்ம பால்ட்வின் ட்ரம்பாக வந்தார். ட்ரம்ப் கடுப்பாகி ட்விட்டரில் திட்டினார், நிகழ்ச்சியின் ரேட்டிங் ஏறியது, பால்ட்வினுக்கு 2017ல் எம்மி விருது.

ட்ரம்புக்கு என்ன ஆச்சு? ஒன்றும் ஆகவில்லை. ஜெயித்துவிட்டார். ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஏற்கனவே ஜிப் பண்ணின ஃபைலை மறுபடி ஜிப் பண்ணினால் சைஸ் குறையாது இல்லையா? அந்த முடி, அந்தக் கை அசைவு, அந்தப் பேச்சு என்று ட்ரம்ப் தன்னைத் தானே கார்ட்டூனாக வரைந்து முப்பது வருஷம் விற்றவர். அதை நகல் எடுத்தால் அதேதான் வரும்.

எனக்குத் தோன்றும் விதி இதுதான். ஒரு ஆளைப் பற்றி ஜனங்களிடம் வேறு படம் இல்லாதபோதுதான் கேலிப்படம் ஒட்டிக்கொள்கிறது. ஃபோர்டு தேர்தலே இல்லாமல் திடீரென்று வந்தவர். பேலின் இரண்டு வாரம் முன்னாடி வந்தவர். காலி இடத்தில் முதலில் துண்டு போட்டது காமெடி நடிகர். ட்ரம்பிடம் அந்தக் காலி இடமே இல்லை.

நம்ம ஊர்த் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. 2019லிருந்து கமலா ஹாரிஸாக மாயா ருடால்ஃப் நடித்தார். ஜாலியான ஆன்ட்டி என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் பிடி. அடுத்த வருஷம், 2020 ஆகஸ்ட் மாநாட்டில், நிஜ கமலா தன் பேச்சில் தன் 'சித்தி'களை நினைவுகூர்ந்தபோது நம்ம பக்கம் ஒரே குஷி. (ஜாலி சித்தி என்றே ஸ்கெட்சில் வைத்திருக்கலாம்!) 2024 நவம்பர் 2 அன்று, தேர்தலுக்கு மூணு நாள் முன்னால், கமலா வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தன் நகலோடு பேசினார். ஒன்றரை நிமிஷம். உடனே சட்டப்படி ட்ரம்புக்கும் என்பிசியில் நேரம் கொடுத்தார்கள். முடிவு என்னவென்று உங்களுக்கே தெரியும். நகலோடு கை கோர்த்ததால் ஃபோர்டும் ஜெயிக்கவில்லை, பேலினும் ஜெயிக்கவில்லை, கமலாவும் ஜெயிக்கவில்லை.

அதற்காக இந்த மாதிரி நிகழ்ச்சியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதிபரை வாராவாரம் கிண்டல் பண்ணிவிட்டு, திங்கட்கிழமை நிம்மதியாக வேலைக்குப் போக முடிகிற நாடு நல்ல நாடுதான். எத்தனை நாட்டில் இது முடியும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் சிரிக்கிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சிரித்து முடித்ததும் ஒரு தடவை ஒரிஜினலைப் போய்ப் பார்த்துவிடவேண்டும். சால்ஸ்பர்க் வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. சில நொடிகள்தான். ஈரப் படிக்கட்டில், ஒரு கையில் குடையோடு இறங்கும்போது வழுக்கிய அறுபத்தோரு வயசு மனுஷன். அவ்வளவுதான் அது.

பி.கு: அப்பா புஷ்ஷாக நடித்த டானா கார்வி, 2024ல் 69 வயசில் மறுபடி வந்து ஜோ பைடனாக நடித்தார். 1988லிருந்து கணக்குப் போட்டால் 36 வருஷம். அதிபர்கள் வருவார்கள், போவார்கள். மிமிக்ரிக்காரருக்கு மட்டும் பதவிக்கால வரம்பே கிடையாது போல :-)